பழங்கருவி காத்த பெருமகன் ஹென்றி மெர்சர்

நவராத்திரியின் ஒன்பதாம் நாளில் நம் குடியிருப்பின் வீடுகள்தோறும் கருவிகள் கழுவித் துடைக்கப்பெற்று, சந்தனமும் குங்குமமும் ஏற்று, வரிசையாக அமர்கின்றன. அடுக்களை அரிவாள்மணையும், தந்தையாரின் சுத்தியலும் குறடும், அன்னையாரின் தையற்பொறியும், பிள்ளைகளின் புத்தகமும், வாசலில் நிற்கும் ஊர்தியும் அன்று ஒரு நிகராகப் பூச்சூடிக் கொள்கின்றன. உழைக்கும் கருவிக்கு வணக்கம் செலுத்துதல் நம் மரபு. பிற மொழி வழங்கும் மாநிலத்தில் வந்து குடியேறிய பின்னரும் அம்மரபை நாம் விடவில்லை. ஆயினும் நெஞ்சைத் தொட்டு ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். பூசையன்று நாம் வணங்கும் கருவி, பழையதாகித் துருவேறிவிட்டால், மறுவாரமே எடைக்குப் போடப்படுகின்றது. வேலை செய்யும்வரை தெய்வம். வேலை ஓய்ந்தபின் குப்பை.

இவ்வாறு குப்பையென்று ஒதுக்கப்பட்டவற்றைத் தேடித் தேடிச் சேர்த்து, அவற்றுக்கெனத் தீப்பற்றாத மாளிகை ஒன்றை எழுப்பி, ஒரு நாட்டு மக்களின் உழைப்பின் வரலாற்றை அழியாமற் காத்த பெருமகன் ஒருவர் அமெரிக்க நாட்டில் வாழ்ந்தார். ஹென்றி சாப்மன் மெர்சர் என்பது அவர்தம் பெயர். அவர் வரலாற்றை இவ்வாண்டு மலரின் வாயிலாக நம் குடும்பங்களுக்கு எடுத்துரைக்க விழைகின்றோம்.

பிறப்பும் இளமையும்

பென்சில்வேனியா மாநிலத்தில், பிலடெல்பியா மாநகருக்கு வடக்கே ஏறத்தாழ 40 கிலோமீட்டர் தொலைவில் டாய்ல்ஸ்டவுன் என்னும் சிற்றூர் உள்ளது. பக்ஸ் மாவட்டத்தின் தலைமையிடம் அது. அவ்வூரில் 1856ஆம் ஆண்டு ஜூன் 24ஆம் நாள் மெர்சர் பிறந்தார். தாய்வழிப் பாட்டனார் நீதிபதியாகவும் நாடாளுமன்ற உறுப்பினராகவும் விளங்கியவர். குடும்பம் செல்வாக்குடையது. ஆனால் பெருஞ்செல்வம் அவர் கைக்கு வந்தது பிற்காலத்தில்தான். அது தாயின் தமக்கையாராகிய எலிசபெத் லாரன்ஸ் அம்மையாரின் வழியே வந்தது.

அவ்வம்மையாரின் கணவர் அமெரிக்க அரசின் தூதுப்பணியில் இத்தாலி நாட்டுப் பிளாரன்ஸ் நகரில் இருந்தவர். பழங்காலப் போர்க்கவசங்களையும் படைக்கலங்களையும் அரும்பாடுபட்டுத் திரட்டி வைத்தவர். அவர் மறைந்தபின் அத்தொகுதி பாஸ்டன் நகரில் வைக்கப்பட்டிருந்தது. 1872ஆம் ஆண்டு அந்நகரை எரித்த பெருந்தீயில் அவ்வளவும் அழிந்தன. அப்போது மெர்சருக்கு வயது 16. ஒரு மனிதர் வாழ்நாளெல்லாம் தேடிச் சேர்த்தது ஒரே இரவின் நெருப்பில் போய்விடக் கூடும் என்ற உண்மை அவ்விளைஞர் உள்ளத்தில் ஆழப் பதிந்தது. பிற்காலத்தில் அவர் எழுப்பிய கட்டடங்களைக் காண்போர்க்கு இந்நிகழ்ச்சியை நினையாதிருத்தல் இயலாது.

1875 முதல் 1879 வரை ஹார்வர்டு பல்கலைக்கழகத்திற் பயின்றார். பின்னர்ச் சட்டம் கற்று, 1881இல் பிலடெல்பியாவில் வழக்கறிஞராகப் பதிவு பெற்றார். ஆனால் வழக்குமன்றம் அவரை ஈர்க்கவில்லை. பெரியம்மையாரின் துணையால் ஐரோப்பா எங்கும் பயணம் செய்து, ஆற்றங்கரைக் கோட்டைகளையும் பழம்பெரும் மாளிகைகளையும் கண்டு திரிந்தார். படித்த படிப்பை விட்டுவிட்டு ஊர் சுற்றுகின்றாரே என்று உறவினர் கவலைகொண்டிருப்பின் அதில் வியப்பில்லை. நம் வீடுகளிலும் அக்கவலை புதிதன்று.

மண்ணைத் தோண்டிய காலம்

ஊர் திரும்பிய மெர்சரின் நாட்டம் தொல்பொருளாய்வின்பாற் சென்றது. ஐரோப்பியர் வருமுன் பக்ஸ் மாவட்டம் லெனாபே என்னும் தொல்குடியினரின் நிலமாக இருந்தது. 1737இல் நடைபெற்ற ஒரு வஞ்சக நில உடன்பாட்டினால் அம்மக்கள் தம் நிலத்தின் பெரும்பகுதியை இழந்து விலக நேர்ந்தது. அவர்கள் விட்டுச்சென்ற கல்லாயுதங்கள் உழவர்களின் கொழுமுனையில் அடிக்கடி அகப்பட்டன. அவ்வகைக் கல் ஒன்றைப் பற்றி மெர்சர் 1885இல் ஒரு நூல் எழுதினார். அமெரிக்காவில் மனிதன் எவ்வளவு காலமாக வாழ்கின்றான் என்பதே அவர் உள்ளத்தை அரித்த கேள்வி.

1890களில் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்து அருங்காட்சியகத்தில் தொல்பொருட் பிரிவின் காப்பாளராகப் பணியாற்றினார். 1895இல் மெக்சிகோ நாட்டு யுகத்தான் பகுதிக்குச் சென்று மலைக்குகைகளை ஆராய்ந்து, அடுத்த ஆண்டே அதனை நூலாக வெளியிட்டார். ஆயினும் அவர் தேடிய மிகப் பழைய மனிதனின் தடயம் அக்குகைகளில் அகப்படவில்லை. பல்கலைக்கழகப் பணியிலும் அவருக்கு மனநிறைவு ஏற்படவில்லை. 40 வயதை எட்டிய நிலையில், சட்டமும் கைவிடப்பட்டு, ஆராய்ச்சியும் முட்டுச்சந்தில் நின்றதென்று சொல்லத்தக்க வேளையில்தான், அவர் வாழ்வின் திருப்பம் வந்தது.

காயலான் கடையில் கண்ட காட்சி

1897ஆம் ஆண்டின் இளவேனிற் காலம். பழைய பாணியிலமைந்த கணப்பு ஒன்றுக்குரிய இரும்புக் குறடு மெர்சருக்குத் தேவைப்பட்டது. அதனைத் தேடிக்கொண்டு பழஞ்சாமான் வாங்கி விற்பவர் ஒருவரின் இடத்திற்குச் சென்றார். கிராமத்து ஏலங்களில் எவரும் கேட்காத பொருள்களைக் காசுக்கு ஒரு குவியலாக வாங்கிப் போட்டிருந்தார் அவ்வணிகர். வண்டிச் சாமான்களும், நூற்கும் இராட்டைகளும், ஆளிச் செடியின் தண்டை நசுக்கி நார் பிரிக்கும் மரப்பொறிகளும், உப்புப் பெட்டிகளும், வைக்கோலாற் பின்னிய தேன்கூடுகளும், கயிறு திரிக்கும் கருவிகளும், வயலில் உழைப்போரை உணவுக்கு அழைக்க ஊதிய தகரக் கொம்புகளும் ஒன்றின்மேல் ஒன்றாகக் கிடந்தன.

மற்றவர் கண்ணுக்கு அது குப்பை. மெர்சரின் கண்ணோ பல ஆண்டுகள் மண்ணைத் தோண்டிப் பழகிய கண். மண்ணுக்கடியில் ஓர் உடைந்த கல்லாயுதம் அகப்பட்டால் அதைக் கொண்டாடி எழுதுகின்றோம். நேற்றுவரை மக்கள் கையிலிருந்த இக்கருவிகளோ கண்ணெதிரே மறைந்துகொண்டிருக்கின்றன. இன்னும் சில நூற்றாண்டுகள் கழிந்தால் இவற்றையும் எவரேனும் மண்ணிலிருந்து தோண்டியெடுத்து, இவை எதற்குப் பயன்பட்டன என்று தலையைச் சொறிந்துகொண்டிருக்க நேரும். அந்நிலை வருமுன் இப்போதே திரட்டினால் என்ன? பழமையிலிருந்து இன்றைக்கு வருவதைவிட இன்றிலிருந்து பழமையை நோக்கிப் பின்னே நடக்கும் தொல்பொருளாய்வு ஒன்றை ஏன் தொடங்கலாகாது? இவ்வெண்ணம் அக்குவியலின் முன்னே மெர்சரைப் பற்றிக்கொண்டது.

அக்காலத்தின் நிலையையும் நாம் உணரவேண்டும். ஆலைகள் பெருகிவிட்டன. முன்னர்ப் பட்டறையில் கையால் அடித்த ஆணியும், வீட்டில் நூற்ற நூலும், தச்சர் இழைத்த பலகையும் இயந்திரத்தினின்று மலிவாக வந்து குவிந்தன. இரண்டாயிரம் ஆண்டுகளாகப் பெரிதும் மாறாதிருந்த கருவிகள் ஒரே தலைமுறையில் பரண்மேல் ஏறின. அவற்றைப் பயன்படுத்தத் தெரிந்த முதியோர் ஒவ்வொருவராக மறைந்துகொண்டிருந்தனர். கருவி போயின் பொருள் ஒன்றே போகும். பயன்படுத்தத் தெரிந்தவர் போயின் அக்கருவியின் பொருளே போய்விடும்.

மெர்சர் காலந்தாழ்த்தவில்லை. வண்டியுடன் ஊரூராகச் சென்றார். களஞ்சியங்களையும் பரண்களையும் துழாவினார். ஏலங்களில் எவரும் ஏறெடுத்துப் பாராதவற்றை விலைக்கு வாங்கினார். அதே ஆண்டின் இறுதிக்குள் 700க்கு மேற்பட்ட பொருள்களைத் திரட்டி, பக்ஸ் மாவட்ட வரலாற்றுக் கழகத்தின் சார்பிற் காட்சிக்கு வைத்தார். அக்காட்சிக்கு அவர் சூட்டிய பெயரின் பொருள் நாட்டைச் சமைத்தோரின் கருவிகள் என்பதாகும். அப்பெயரில் ஒரு துணிவு அடங்கியிருந்தது. நாட்டை உருவாக்கியவர் என்றால் படைத்தலைவரையும் குடியரசுத் தலைவரையும் மட்டுமே எண்ணிய காலத்தில், கோடரி பிடித்துக் காட்டைத் திருத்தியவனும், அடுப்பருகே நூல் நூற்றவளுமே நாட்டைச் சமைத்தவர் என்று அப்பெயர் அறிவித்தது.

குயவரிடம் மாணவரானார்

கருவிகளைத் திரட்டிய மெர்சர், பழைய தொழில் ஒன்றையும் தம் கையாலேயே உயிர்ப்பிக்க முயன்றார். பென்சில்வேனியாவில் குடியேறிய ஜெர்மானிய மரபினர் செம்மண்ணால் மட்கலம் வனைந்து வந்தனர். அத்தொழில் அணையும் நிலையிலிருந்தது. ஹார்வர்டிற் கற்ற மெர்சர் கிராமத்துக் குயவர் ஒருவரிடம் சென்று தொழில் பயின்றார். முதல் முயற்சிகள் தோல்வியுற்றன. அவ்வூர்ச் செம்மண் தாம் விரும்பிய கலங்களுக்கு ஏற்றதன்று என்று கண்டு, தரையிலும் சுவரிலும் பதிக்கும் ஓடுகளின்பால் திரும்பினார். 1898இல் மொரேவியன் ஓட்டுப் பட்டறை தோன்றியது.

அவ்வோடுகளின் முதற் சித்திரங்கள் எங்கிருந்து வந்தன என்பது சுவையான செய்தி. பழைய ஜெர்மானிய வீடுகளில் வார்ப்பிரும்புத் தகடுகளாலான கணப்புகள் இருந்தன. அத்தகடுகளில் விவிலியக் கதைகள் புடைப்புருவமாக வார்க்கப்பட்டிருந்தன. அவையும் துருப்பிடித்துக் குப்பையிற் கிடந்தன. மெர்சர் அவற்றைத் தேடியெடுத்து, அவ்வுருவங்களைத் தம் ஓடுகளில் மீண்டும் பதித்தார். 1914இல் அத்தகடுகளைப் பற்றி ஒரு தனி நூலே எழுதினார். குப்பையிற் கிடந்த சித்திரம் இவ்வாறு மீண்டும் மக்கள் இல்லங்களில் இடம்பெற்றது.

1906இல் திறக்கப்பெற்ற பென்சில்வேனியா மாநிலத் தலைமைச் செயலகத்தின் தரையில் மெர்சரின் சித்திர ஓடுகள் ஏறத்தாழ 400 பதிக்கப்பட்டுள்ளன. அங்கே தலைவர்களின் உருவங்களைவிட, தொழில் செய்வோரும், விலங்கும், பறவையும், பூச்சியுமே மிகுதி. சட்டம் இயற்றுவோர் நடந்து செல்லும் தரையில் உழைப்பவரின் வரலாற்றைப் பதித்தார் என்பதே இதிற் சிறப்பு. அப்பட்டறையில் இன்றும் ஓடுகள் செய்யப்படுகின்றன.

தீயை வென்ற கட்டடங்கள்

1905இல் பெரியம்மையார் மறைந்தார். அவர் விட்டுச்சென்ற செல்வம் மெர்சருக்கு வந்தது. அச்செல்வத்தைக் கொண்டு அவர் மூன்று கட்டடங்களை எழுப்பினார். 1908இல் தொடங்கிய பான்ட்ஹில் என்னும் தம் இல்லம் முதலாவது; 1911, 1912இல் எழுந்த புதிய ஓட்டுப் பட்டறை இரண்டாவது; 1913 முதல் 1916 வரை கட்டிய அருங்காட்சியகம் மூன்றாவது. மூன்றும் கம்பி இட்டு வார்த்த கான்கிரீட்டால் ஆனவை. அந்நாளில் வீடு கட்டுவதற்கு அது புதுப்பொருள். மெர்சரோ கட்டடக்கலை கற்றவரல்லர்.

அவர் கட்டிய முறை வியப்புக்குரியது. முதலில் அறைகளை ஒவ்வொன்றாக மனத்திற் கண்டு, களிமண்ணால் மாதிரி செய்து, பின்னரே வெளித்தோற்றத்தை முடிவு செய்தார். பயிற்சி பெற்ற கொத்தர்களை அவர் நாடவில்லை. எட்டுப் பத்துக் கூலியாட்களே அவருக்குத் துணை. லூசி என்னும் பெண்குதிரை கப்பியிழுத்துக் காரையை மேலே ஏற்றியது. வளைந்த கூரை அமைக்க, பலகைச் சாரத்தின்மேல் மண்ணைக் குவித்து, அம்மண்ணில் ஓடுகளைக் கவிழ்த்துப் பதித்து, அதன்மேற் கான்கிரீட்டை ஊற்றினர். அது இறுகியதும் கீழிருந்த மண்ணை அகற்றினால், ஓடுகள் பதிந்த கூரை தலைக்குமேல் ஒளிவிட்டது. பான்ட்ஹில்லில் 44 அறைகளும் 18 கணப்புகளும் உள்ளன. சாளரங்கள் 200க்கு மேல். இன்ன ஓர் அமைப்பு என்று வகைப்படுத்த முடியாத அவ்வீட்டைக் கண்டு ஊரார் நகைத்ததும் உண்டு. வீடு முடிந்ததும் அதன் கூரைமீதே நெருப்பு மூட்டி எரியவிட்டு, தீயால் அதற்குத் தீங்கில்லை என்று மெர்சர் மெய்ப்பித்துக் காட்டினார். 16 வயதில் பாஸ்டன் தீ கொடுத்த அச்சத்துக்கு அவர் அளித்த விடை அது.

அருங்காட்சியகத்தை எழுப்பி முடிக்கும்போது அவருக்கு வயது 60. அதற்குள் நாம் நுழைவதாக எண்ணிக்கொள்வோம். நடுவில் பல மாடி உயரத்திற்குத் திறந்த முற்றம். தலையை நிமிர்த்தினால் வண்டிகளும், திமிங்கில வேட்டைப் படகும், தொட்டில்களும், நாற்காலிகளும், கூடைகளும் கூரையிலிருந்தும் மாடங்களிலிருந்தும் தொங்குகின்றன. அன்றாடம் காலடியிற் கண்டு பழகியதை யாரும் உற்று நோக்குவதில்லை. அதனையே தலைக்குமேல் தொங்கவிட்டால் நோக்காதிருக்க இயலாது. சுற்றிலும் மாடிதோறும் சிற்றறைகள், அறைக்கொரு தொழில். கொல்லர், தச்சர், செருப்புத் தைப்பவர், சீப்புச் செய்பவர், கடிகாரம் செப்பனிடுபவர் என்று அறுபதுக்கும் மேற்பட்ட தொழில்களின் கருவிகள் அங்கே உள்ளன. மெர்சர் காலத்திலேயே அவை சுமார் 30,000. நெருப்புக்கு இடங்கொடுக்கலாகாது என்று, பனி பெய்யும் அந்நாட்டில் அப்பழைய கட்டடத்துக்கு வெப்பமூட்டும் ஏற்பாடே செய்யாமல் விட்டார். குளிர்காலத்திற் காணச் செல்வோர் கம்பளிச் சட்டையுடனேயே சுற்றிவர வேண்டும்.

ஆணியும் சாட்சி சொல்லும்

மெர்சர் பொருள் சேர்த்தவர் மட்டுமல்லர்; அப்பொருளைப் பேசவைத்தவர். 1923இல் பழைய வீடுகளின் காலத்தைக் கணிக்கும் முறையைப் பற்றி எழுதினார். வீட்டுக்காரர் சொல்லும் பெருமைக் கதைகளை நம்பவேண்டியதில்லை. கதவிலுள்ள ஆணியும் கீலும் திருகாணியுமே உண்மையைச் சொல்லும் என்பது அவர் கண்ட முறை. கொல்லர் கையால் அடித்த ஆணி ஒருவகை. 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் இயந்திரத்தால் தகட்டிலிருந்து வெட்டிய ஆணி மற்றொருவகை. 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியிற் பரவிய கம்பி ஆணி வேறொருவகை. மரத் திருகாணிக்கோ 1846 வரை கூர்முனையே கிடையாது. மொட்டை முனையுடைய திருகாணி இருக்கும் கதவு அதற்கு முற்பட்டதாதல் கூடும். இத்தனை சிறிய பொருளில் இத்தனை பெரிய வரலாறு இருப்பதைக் காண, துருவை வெறுக்காத கண் வேண்டும்.

1929இல் அவருடைய தலைசிறந்த நூலாகிய பண்டைத் தச்சர் கருவிகள் வெளிவந்தது. பிறர் போன்று கருவிகளை நாடுவாரியாகவோ காலவாரியாகவோ அடுக்காமல், அவை செய்யும் வேலையைக் கொண்டே அவர் வகுத்தார். மரத்தை வீழ்த்திப் பிளந்து அறுப்பவை, நகர்த்தி அளப்பவை, பற்றிப் பிடிப்பவை, செதுக்கி மட்டம் செய்பவை, வடிவம் தந்து பொருத்துபவை, பிணைப்பவையும் பிரிப்பவையும், கூர்தீட்டுபவை என்பன அவ்வகைகள். இவ்வாறு வகுத்தமையால் ரோமானியத் தச்சரும், சீனத் தச்சரும், பென்சில்வேனியத் தச்சரும் ஒரே பட்டறையில் அருகருகே நிற்கலாயினர். கருவி மனித குலத்துக்குப் பொதுமொழி என்ற உண்மை அந்நூலில் விளங்குகின்றது. இக்கருத்தினாலேயே அவர் தம் செலவில் ஓர் ஆய்வாளரைச் சீனாவுக்கு அனுப்பி, அங்குள்ள தொழிலாளரின் கருவிகளைப் படம்பிடித்துக் குறிக்கச் செய்தார். அவ்வாய்வு அவர் மறைவுக்குப் பின் 1937இல் நூலாயிற்று.

அந்நூலில் கோடரிக்கும் ரம்பத்துக்கும் முதலிடம். ஐரோப்பாவிலிருந்து வந்த கோடரியின் பின்தலை மெலிந்தது, வெட்டும்போது ஆடுவது. அமெரிக்கக் காட்டில் அதைக்கொண்டு போராடிய கொல்லரும் வெட்டுவோரும் 18ஆம் நூற்றாண்டில் அதன் பின்தலையைக் கனமாக்கி, ஆட்டத்தை நீக்கினர். அம்மாற்றத்தைச் செய்தவர் பெயர் ஏட்டில் இல்லை. கோடரியில் மட்டுமே இருக்கின்றது. பெரிய மரங்களைப் பலகையாக்க, ஒருவர் மேலும் மற்றொருவர் குழியினுள்ளுமாக நின்று இழுத்த நெடிய ரம்பத்தையும் அவர் விரித்துரைக்கின்றார். நம்முள் முதியோர் ஊர்ப்புற மரக்கடைகளில் அத்தகைய ரம்பத்தைக் கண்டிருப்பர். மேற்றிசைக் கைரம்பம் தள்ளும்போது அறுக்கும்; நம் நாட்டுத் தச்சரின் பழைய கைரம்பமோ இழுக்கும்போது அறுக்கும். ஒரே வேலைக்கு இரு கைவழக்கங்கள்! இரண்டும் மறையுமுன் ஒருவராவது எழுதிவைத்தல் வேண்டுமன்றோ?

மறைவும் அதன் பின்னும்

மெர்சர் மணம் செய்துகொள்ளவில்லை. பிற்காலத்தில் மக்களோடு மிகுதியாகப் பழகாமல், தம் நாய்களோடும் ஓடுகளோடும் வாழ்ந்தார். எளிதிற் பிறரோடு ஒத்துப்போகும் இயல்பினர் என்று அவரைச் சொல்ல இயலாது. 1930ஆம் ஆண்டு மார்ச் 9ஆம் நாள், தாம் கட்டிய பான்ட்ஹில்லிலேயே, தமது 73ஆம் வயதில் மறைந்தார். இல்லத்தைத் தம் ஓடுகளின் காட்சிசாலையாக விட்டுச்சென்றார். தம்மிடம் பணிபுரிந்த தம்பதியர் அங்கேயே வாழ்நாள் முழுதும் தங்கிப் பேணுவதற்கும் வழிசெய்திருந்தார். 1985இல் அமெரிக்க அரசு மூன்று கட்டடங்களையும் தேசிய வரலாற்றுச் சின்னமாக ஏற்றது. ஊரார் நகைத்த கான்கிரீட்டு வீடு நாட்டின் உடைமையாயிற்று.

இங்கே ஒரு செய்தி நம் சிந்தனைக்கு உரியது. பண்டைத் தச்சர் கருவிகள் வெளிவந்த அதே 1929ஆம் ஆண்டில்தான், ஜெர்மனியில் ஆந்திரேயாஸ் ஸ்டீல் என்னும் பொறியாளர் பெட்ரோலில் இயங்கும் சங்கிலி ரம்பத்தை விற்பனைக்குக் கொண்டுவந்தார். அதன் எடை 46 கிலோ. ஆற்றல் 6 குதிரைத்திறன். தூக்கி இயக்க இருவர் வேண்டும். 1950இல் ஒருவரே கையாளும் 16 கிலோ பொறி வந்தது. பின்னர் அதனினும் இலேசானவை பெருகவே, அந்தப் பழைய பளுவான பொறிகளும் கோடரியைப் போன்றே மூலையிற் சாய்ந்தன. கைரம்பத்தை ஓட்டிய இயந்திரமே தன் முறை வந்தபோது பழங்கருவியாயிற்று!

ஆனால் மெர்சர் தொடங்கிவைத்த உள்ளம் இயந்திரத்தையும் கைவிடவில்லை. ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் இன்று அப்பழைய சங்கிலி ரம்பங்களைத் தேடிச் சேர்ப்போர் பலர் உளர். எண்ணெய்ப் பிசுக்கில் இறுகிக் கிடந்த பொறியைக் கழற்றி, கார்புரேட்டரின் நுண்துளைகளைத் துலக்கி, தீப்பொறிச் செருகியையும் காந்தத்தின் தொடுமுனைகளையும் சீராக்கி, கிடைக்காத உறுப்பை வேறொரு பழுதான பொறியிலிருந்து பெற்றுப் பொருத்துகின்றனர். பலமுறை கயிற்றை இழுத்தும் வாளாவிருந்த பொறி ஒருநாள் உறுமி எழும்போது, அதை முதன்முதல் தோளில் தூக்கிச் சென்ற காட்டுத் தொழிலாளியின் நாளும் உடன் எழுகின்றது. வண்ணம் பூசிப் புத்தம்புதிதாக்குவதா, உழைப்பின் தேய்மானத்தை அப்படியே விடுவதா என்று அவர்களுக்குள் வழக்கும் உண்டு. கைப்பிடியில் விரல்கள் பதிந்த பள்ளத்தை மழுக்கிவிட்டால், அக்கருவியின் கையெழுத்தையே அழித்தவராவோம் என்பது நம் கருத்து.

நம் வீட்டுப் பரண்

மெர்சரின் வாழ்வு நமக்கு அயலான கதை அன்று. பிழைப்பின் பொருட்டு ஊர்விட்டு ஊர் வந்தவர் நாம். பணிமாற்றல் வரும்போதெல்லாம் சாமான்களைக் குறைத்துக் குறைத்தே வாழப் பழகியவர் நாம். ஆட்டுக்கல்லை ஊரிலேயே விட்டோம், மின்பொறி வந்தது. அம்மியைப் பக்கத்து வீட்டாருக்குக் கொடுத்தோம். பாட்டியார் அரிசி அளந்த மரக்காலும் படியும், சுளகும் உலக்கையும், பாட்டனார் ஓலையிற் கீறிய எழுத்தாணியும் எங்கே போயின என்று கேட்டால், நம்மிற் பலருக்கு விடை தெரியாது. இங்கே பிறந்து வளரும் நம் பிள்ளைகளுக்கு அப்பொருள்கள் மட்டுமா போயின? அவற்றின் பெயர்களும் உடன் போயின. அம்மிக்கும் ஆட்டுக்கல்லுக்கும் வேறுபாடு அறியாத பிள்ளையிடம் தமிழ்ச் சொல்லை மட்டும் காக்கச் சொல்வது எவ்வாறு இயலும்? பொருள் இருந்தால் சொல்லும் பிழைத்திருக்கும்.

மாளிகை எழுப்ப நம்மிடம் பெரியம்மையாரின் செல்வம் இல்லை. அது வேண்டியதும் இல்லை. சங்கத்தின் நூலக அறையில் ஓர் அலமாரியின் இரு தட்டுகள் போதும். அடுத்த முறை ஊருக்குச் சென்று திரும்பும்போது, குடும்பத்துக்கு ஒன்றாக ஒரு பழம்பொருளைக் கொண்டு வருவோம். ஒரு சீட்டில் அதன் பெயரையும், அதைப் பயன்படுத்தியவர் பெயரையும், பயன்படுத்திய முறையையும் தெளிவாக எழுதி வைப்போம். எழுதுவதற்கு முன் வீட்டிலுள்ள பெரியவர்களைக் கேட்போம். கேட்பதற்கு அவர்கள் இருக்கும்போதே கேட்போம். மெர்சர் விரைந்ததும் அதற்காகவே.

வரும் ஆயுத பூசையன்று, வேலை செய்யும் கருவிகளின் வரிசையில் வேலை ஓய்ந்த கருவி ஒன்றுக்கும் இடமளித்து, அதற்கும் ஒரு பொட்டுச் சந்தனம் இடுவோமாக.